ஸ்பர்ஜனின் செலவுப் பக்கம்

1854-இல் 232. 1891 டிசம்பர் முடிவில் 5,311. லண்டனில் ஒரே சபையின் அங்கத்தினர் தொகை இது. இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருந்த போதகர் ஒருவரே. சார்லஸ் ஹேடன் ஸ்பர்ஜன் அந்தச் சபைக்கு வந்தபோது அவருக்கு வயது 19. பிரான்சின் தென்கரையில் மெந்தோன் என்ற ஊரில் 1892 ஜனவரி 31 அன்று இறந்தபோது 57. அந்த 38 ஆண்டில் சபையில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள் 14,000 பேருக்கு மேல். வாரத்துக்கு 7 பேர் வீதம், ஒரு வாரம்கூட விடாமல் 38 ஆண்டு சேர்த்தால்தான் இந்தத் தொகை வரும்.

நம் பக்கத்துச் சபைகளில் பிள்ளைக்கு ஸ்பர்ஜன் என்று பெயர் வைக்கிற வழக்கம் உண்டு. அப்படிப் பெயர் வைத்த தாத்தாக்களிடம் கேட்டால் வரவுப் பக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள்: எத்தனை ஆயிரம் பேர் கேட்டார்கள், எத்தனை பிரசங்கம் அச்சானது, எத்தனை அநாதைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். செலவுப் பக்கத்தைக் கேட்டால் பேச்சு மாறிவிடும். இத்தனைக்கும் அந்தப் பக்கத்தையும் ஸ்பர்ஜனே எழுதி, அச்சடித்து, கடையில் விற்றுவிட்டுப் போயிருக்கிறார். ஊழியக்காரரின் உண்மைத்தன்மை, மனச் சமநிலை என்று இன்று கருத்தரங்கு போட்டுப் பேசுகிற விஷயத்துக்கு இவ்வளவு முழுமையான கணக்குப் புத்தகம் வேறொன்று எனக்குத் தெரியாது. இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்க்கலாம்.

வரவு

1861-இல் அந்தச் சபைக்காகத் திறந்த மெட்ரோபாலிட்டன் டேபர்னக்கிள் ஆலயத்தில் உட்கார்ந்தும் நின்றும் சுமார் 6,000 பேர் கேட்க முடிந்தது. கட்டிய செலவு 31,000 பவுண்டுக்கு மேல். கடன் பாக்கி இல்லாமல் கதவைத் திறந்தார்கள். பிரசங்கங்கள் 1855 முதல் வாரம் ஒன்றாக, ஒரு பென்னி விலையில் அச்சாயின. வாரத்துக்கு ஏறக்குறைய 25,000 படிகள் போயின. அவர் இறந்தபின்னும் கையிருப்பில் இருந்த பிரசங்கங்களை 25 ஆண்டு வெளியிட்டார்கள். முதல் உலகப் போரில் காகிதம் கிடைக்காமல்தான் 1917 மே மாதம் அச்சு நின்றது. அதற்குள் 63 தொகுதி, 3,563 பிரசங்கம் ஆகியிருந்தது.

1856-இல் தொடங்கிய போதகர் கல்லூரியில் அவர் காலத்திலேயே 900 பேரை ஒட்டிப் படித்துவிட்டு வெளியே வந்தார்கள். ஸ்டாக்வெல் அநாதை இல்லத்துக்கு ஒரு குருவானவரின் விதவை 1867-இல் கொடுத்த தொகை 20,000 பவுண்டு. முதலில் 250 ஆண் பிள்ளைகள், பிறகு 250 பெண் பிள்ளைகள். 1884-இல் அவருடைய 50-ஆம் பிறந்தநாள் கூட்டத்தில் அவர் பொறுப்பில் இயங்கும் அமைப்புகளின் பட்டியலை வாசித்தார்கள். மொத்தம் 66. கேட்டவர்கள் கைதட்டியிருப்பார்கள். இதையெல்லாம் நடத்த ஒரு மனிதனுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் யாராவது கூட்டிப் பார்த்தார்களா?

கூட்டிப் பார்ப்போம். வாரம் சுமார் 500 கடிதம் வந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. எண்கள் வேறுவேறு ஆண்டுகளைச் சேர்ந்தவை. கீழே உள்ள நிமிடங்கள் நான் வைத்துக்கொண்டவை, வேண்டுமென்றே குறைத்து வைத்தவை.

கடிதம் 500, ஒன்றுக்கு 3 நிமிடம்: வாரத்துக்கு 25 மணி.
அமைப்பு 66, ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒரு மணி: வாரத்துக்கு 15 மணி.
அங்கத்தினர் 5,311, ஆளுக்கு ஆண்டு முழுவதற்கும் 10 நிமிடம்: 885 மணி; வாரத்துக்கு 17 மணி.
ஆக, வாரத்துக்கு 57 மணி.

பிரசங்கம் தயாரிக்க வேதாகமத்தைத் திறப்பதற்கு முன்பே 57 மணி போய்விட்டது. பிரசங்கமோ சில வாரங்களில் 10 வரை போகும். செயலாளர்கள் இருந்தார்கள், மூப்பர்கள் இருந்தார்கள், உதவிக்காரர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான். அவர்களை வைத்துப் பாதியாகக் குறைத்தாலும் பிரசங்கப் பீடத்துக்கு வெளியே 28 மணிக்கு மேல் நிற்கிறது. இன்னொன்று: ஓர் அங்கத்தினருக்கு ஆண்டுக்கு 10 நிமிடம் என்றேன். வீட்டில் மரணம் நடந்த குடும்பத்துக்கு 10 நிமிடம் எந்த மூலைக்குப் போதும்?

செலவு

செலவுப் பக்கத்தின் முதல் பெரிய பற்று 1856 அக்டோபர் 19, ஞாயிறு மாலை. ஸ்பர்ஜனுக்கு வயது 22. அந்த ஆண்டு ஜனவரி 8-இல்தான் சுசன்னாவைத் திருமணம் செய்திருந்தார். வீட்டில் பிறந்து 29 நாளே ஆன இரட்டை ஆண் குழந்தைகள். சபைக் கட்டடம் கூட்டத்தைத் தாங்கவில்லை என்று, இசைக் கச்சேரிக்காகப் புதிதாகக் கட்டிய சர்ரே தோட்ட அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உள்ளே 10,000 பேருக்குக் குறையாமல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியே இடம் கிடைக்காமல் இன்னொரு பெருங்கூட்டம். ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது யாரோ தீ என்று கத்தினார்கள். மாடம் சரிகிறது என்று இன்னொரு குரல். தீயும் இல்லை, எதுவும் சரியவும் இல்லை. ஆனால் கூட்டம் படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தது. கைப்பிடிச் சுவர் உடைந்தது. 7 பேர் செத்தார்கள். 28 பேரை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள்.

பீடத்தில் நின்றவருக்குச் சாவு நடந்தது தெரியாது. உள்ளே இருந்தவர்கள் பிரசங்கிக்கச் சொல்லிக் கத்தினார்கள், அவரும் பேசிப் பார்த்தார். முடியவில்லை. அவரைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். பல நாள் ஒரு நண்பர் வீட்டுத் தோட்டத்தில் அழுதுகொண்டும் நடந்துகொண்டும் இருந்தார். புத்தி பேதலித்துவிடும் என்றே பயந்தார்கள். பத்திரிகைகள் பழி முழுவதையும் அவர் மேல் போட்டன. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் சபைக்குத் திரும்பினார். நவம்பர் 23-ஆம் தேதி அதே அரங்கத்தில் மறுபடி நின்றார்.

வெளியிலிருந்து பார்த்தால் கணக்கு அத்தோடு முடிந்தது. உள்ளே முடியவில்லை. 25 ஆண்டு கழித்து, 1881-இல் போர்ட்ஸ்மவுத் நகரில் பாப்டிஸ்ட் சங்கக் கூட்டம். மண்டபம் நிரம்பி வழிந்து, மேடைக்குப் பின்னால் ஒரு நெரிசல். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் பேச வந்த ஸ்பர்ஜன் தலையைக் கையில் தாங்கி நிலைகுலைந்து நின்றதைக் கூட இருந்த நண்பர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு மாலை நேரத்தின் தவணையை 25 ஆண்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த 25 ஆண்டிலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆயிரக்கணக்கான பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டத்துக்கு முன்னால்தான் அவர் நிற்க வேண்டியிருந்தது.

இரண்டாவது பற்று வேறு வகை. 1857-இல் இந்தியாவில் சிப்பாய்க் கலகம் நடந்தபோது பிரிட்டிஷ் அரசு உபவாச நாள் ஒன்றை அறிவித்தது. அக்டோபர் 7, புதன்கிழமை. அன்று லண்டன் கிறிஸ்டல் பேலஸ் மாளிகையில் ஸ்பர்ஜன் பிரசங்கித்தார். எண்ணிக்கை 23,654. இந்த எண்ணை எல்லா நூல்களும் சொல்லும். அதோடு அவரே தன் வரலாற்றில் சேர்த்திருக்கிற விவரத்தைப் பலர் விட்டுவிடுவார்கள்: பிரசங்கம் முடிந்தபோது களைப்பே தெரியவில்லை; புதன் இரவு படுத்தவர் வெள்ளிக்கிழமை காலையில்தான் விழித்தார். வியாழக்கிழமை முழுவதும் கணக்கில் இல்லை. ஒரு பிரசங்கத்துக்கு ஒரு முழு நாள் விலை. உடம்பு பில்லை உடனே நீட்டியதால் அன்று தெரிந்தது. எல்லா வாரமும் அது உடனே நீட்டுவதில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1868 வாக்கில் சுசன்னா நோயில் விழுந்து, பல ஆண்டு சபைக்கே வரமுடியாமல் வீட்டோடு முடங்கினார். 1869 முதல் ஸ்பர்ஜனுக்குக் கீல்வாதம். பிறகு சிறுநீரக நோயும் சேர்ந்துகொண்டது. லண்டன் குளிர் ஒத்துக்கொள்ளாமல் 1870-களிலிருந்து குளிர்காலத்தில் மெந்தோனுக்குப் போகத் தொடங்கினார். 1887 அக்டோபரில் உபதேசத் தகராறில் பாப்டிஸ்ட் சங்கத்தை விட்டு விலகினார். அடுத்த ஏப்ரலில் சங்கப் பேரவையில் ஒரு சமரசத் தீர்மானம் வந்தது. அது அவருக்கு எதிராகவே முடிந்தது. ஆதரவு 2,000, எதிர்ப்பு 7. அதை வழிமொழிந்தவர் சொந்தத் தம்பி ஜேம்ஸ். சமாதானம் வரும் என்று நம்பித்தான் செய்தார். அந்தப் பேரவையில் கை தூக்கியவர்களில் பலர் அண்ணனுடைய கல்லூரியில் படித்து வந்தவர்கள். இப்படி ஒரு வரியைப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

வெள்ளிக்கிழமை மதியம்

செலவு எல்லா ஊழியருக்கும் உண்டு. இவர் வேறுபடுவது, அதைப் பதிவு செய்ததில்.

கல்லூரி மாணவர்களுக்கு வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு எடுப்பார். வாரம் முழுதும் படித்துச் சோர்ந்த பையன்கள் என்பதால் தமாஷும் கதையுமாகவே பேசுவார். அந்தப் பேச்சுகளின் முதல் தொகுதி 1875-இல் புத்தகமானது. அதில் 11-ஆம் பாடம் முழுவதும் போதகருக்கு வரும் மனச்சோர்வைப் பற்றியது. எப்போது வரும் என்று ஒரு வைத்தியர் நோயாளிக்குச் சொல்வதுபோல் வரிசையாகச் சொல்கிறார்: பெரிய வெற்றி கிடைத்த கையோடு வரும், பெரிய காரியம் தொடங்கும் முன் வரும், ஓய்வில்லாமல் நெடுநாள் உழைத்தால் வரும், நம்பியவர் காலை வாரினால் வரும், காரணமே இல்லாமலும் வரும். நாற்காலியிலேயே உட்கார்ந்து படிக்கிற வாழ்க்கை, காற்றோட்டமில்லாத அறை, தலைவனுக்கு நேரும் தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. ஓய்வு எடுப்பது வீண் செலவு ஆகாது, சிக்கனம் என்றும் கணக்குப்பிள்ளை மாதிரி வாதாடுகிறார். உதாரணத்துக்கு லூத்தரையும் கூப்பிடுகிறார், தன்னையும் மறைக்கவில்லை. 1856 மாலையையும் சொல்லிவிடுகிறார்.

மாணவரிடம் மட்டும் சொன்னார் என்றில்லை. 1866-இல் பீடத்திலிருந்தே, ஆயிரக்கணக்கான பேர் முன்னால், தான் கொடிய மனச்சோர்வுக்கு ஆளாகிறவன் என்று சொன்னார். அந்தப் பிரசங்கமும் மற்றவை போலவே அச்சாகி ஒரு பென்னிக்கு விற்றது.

இங்கே சுசன்னாவின் கணக்கு ஒன்று குறுக்கிடுகிறது. இந்தப் பேரேட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பதிவு அதுதான். 1875-இல் புத்தகத்தின் அச்சுப்படியைப் படித்துப் பார்த்த சுசன்னா, இங்கிலாந்தில் ஒவ்வொரு போதகர் கையிலும் இது இருக்க வேண்டும் என்றார். அப்படியானால் நீ எவ்வளவு தருவாய் என்று கணவர் கேட்டார். சுசன்னா மாடியறைக்குப் போய் ஒரு மேசை இழுப்பறையைத் திறந்தார். ஐந்து ஷில்லிங் கிரவுன் நாணயம் கைக்கு வரும்போதெல்லாம் செலவழிக்காமல் அதில் போட்டு வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தால் சரியாக 100 படிக்கு வந்தது. நூறு ஏழைப் போதகர்களுக்கு அந்தப் புத்தகம் போனது. படுக்கையும் சாய்வு நாற்காலியுமாகக் கிடந்த அந்த அம்மாள் 1903-இல் இறப்பதற்குள் அனுப்பிய புத்தகங்கள் ஏறக்குறைய 2 லட்சம். முதல் நூறில் ஒவ்வொன்றிலும் அந்த 11-ஆம் பாடம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தனியே ஒரு கிராமத்துச் சபையில் கிடந்து, தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தவர் கைக்கு அது தபாலில் வந்து சேர்ந்திருக்கிறது.

போதகர் தன் பலவீனத்தைச் சொன்னால் சபை கலைந்துவிடும், காணிக்கை குறைந்துவிடும் என்பது நம்மவர்களின் நிரந்தரப் பயம். ஸ்பர்ஜனின் எண்களை வைத்து அதைச் சோதிக்கலாம். 1866-இல் சபை அறியச் சொன்னார். 1875-இல் உலகம் அறிய எழுதினார். 1879-இல், அவர் வந்த 25-ஆம் ஆண்டு நிறைவுக்குச் சபையார் திரட்டிக் கொடுத்த பணமுடிப்பு 6,000 பவுண்டுக்கு மேல். அதை அவர் முதியோர் இல்லத்துக்கும் மற்ற தர்மங்களுக்கும் கொடுத்துவிட்டார். 1891-இல் அங்கத்தினர் 5,311. சொன்னதால் வளர்ந்தது என்று நான் வாதிட மாட்டேன். சொன்னதால் கலையவில்லை, இந்த எண்கள் அந்த அளவுக்குச் சாட்சி சொல்லும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மேடையில் அழுது, அதை வீடியோ எடுத்துப் போடுவது இன்று ஒரு பாணியாகிவிட்டது. கண்ணீரிலும் மாய்மாலம் நுழையும். ஸ்பர்ஜன் மாணவருக்கு விரிவாகச் சொன்னார், சபைக்குச் சுருக்கமாகச் சொன்னார். கேட்பவருக்கு உபயோகப்படும் அளவே சொன்னார். அளவு பார்த்துச் சொல்வதும் நேர்மைதான்.

தொலைபேசியில் 8.7, காகிதத்தில் 11.1

ஸ்பர்ஜன் ஒரு மேதை, அவர் கணக்கு மற்றவருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும் என்று காட்டுகிற எண்கள் அமெரிக்காவில் நிறைய எடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாமே நம்பத்தக்கவை அல்ல. மாதம் 1,500 போதகர்கள் ஊழியத்தை விட்டு ஓடுகிறார்கள் என்ற புள்ளிவிவரம் ஆண்டுக்கணக்காகக் கூட்டம்தோறும் ஒலித்தது. ஆண்டுக்கு 18,000 ஆயிற்றே! லைஃப்வே ஆய்வு நிறுவனம் 2015-இல் 1,500 போதகர்களை வைத்துச் சரிபார்த்தது. ஓய்வும் மரணமும் நீங்கலாக ஊழியத்தை விடுகிறவர்கள் ஆண்டுக்கு 1.3 சதவீதம், அவர்கள் ஆராய்ந்த சபைப் பிரிவுகளில் மாதம் 250-க்கும் குறைவு. ஊழியரின் துயரத்தைச் சொல்லவும் பொய்க் கணக்கு வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் துயரத்தை யாரும் நம்புவதில்லை என்று ஏற்கெனவே தீர்மானித்துவிட்டோம் போலும்.

ஆனால் விடாமல் இருக்கிறவர்கள் நிலை என்ன? அதே ஆய்வில் 84 சதவீதம் பேர் 24 மணி நேரமும் கூப்பிட்ட குரலுக்குப் போக வேண்டிய நிலையில் இருப்பதாகச் சொன்னார்கள். 54 சதவீதம் பேருக்கு வேலை அடிக்கடி மூச்சு முட்டுகிறது. பார்னா நிறுவனம் முழுநேர ஊழியத்தை விட்டுவிடலாமா என்று கடந்த ஓராண்டில் யோசித்ததுண்டா எனக் கேட்டது. 2021 ஜனவரியில் ஆம் என்றவர்கள் 29 சதவீதம். கொரோனாவின் பெரிய அலைகள் தணிந்த 2022 மார்ச்சில் 42 சதவீதம். காரணம் கேட்டதில் வேலையின் நெருக்கடி என்றவர்கள் 56 சதவீதம், தனிமை என்றவர்கள் 43 சதவீதம். விடுகிறவர் 1.3, விடலாமா என்று யோசிக்கிறவர் 42. இரண்டு ஆய்வும் வேறு, ஆண்டும் வேறு, நேராகக் கழிக்கக் கூடாது. ஆனாலும் நடுவில் இருக்கிற அந்தப் பெரிய கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கியை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது.

லைஃப்வே 2014-இல் எடுத்த இன்னொரு கணக்கு: தனக்கே ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்ட போதகர்கள் 23 சதவீதம். சபையில் மனநலம் பற்றி அபூர்வமாக மட்டும் பேசுகிறவர்கள், அல்லது பேசவே பேசாதவர்கள், 49 சதவீதம்.

இதையெல்லாம்விட ஆழமாகத் தோண்டியது வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தார் செய்த வேலை. 2008-இல் அந்த மாநிலத்தின் யுனைடெட் மெதடிஸ்ட் போதகர்கள் அனைவரையும் அணுகினார்கள். 95 சதவீதம் பேர், அதாவது 1,726 பேர், பதில் சொன்னார்கள். மனச்சோர்வு நோய் தொலைபேசியில் பதில் சொன்னவர்களில் 8.7 சதவீதம், காகிதத்திலோ கணினியிலோ தானாக நிரப்பியவர்களில் 11.1 சதவீதம். அமெரிக்கப் பொதுமக்களில் 5.5. நான் நிற்பது முதல் இரண்டு எண்களில். வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் மறுமுனையில் ஒரு மனிதக் குரல் கேட்டதும் போதகருக்குத் தன்னையறியாமல் ஆலய வாசல் குரல் வந்துவிடும் என்பது நமக்குத் தெரியாததா? ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகொடுக்கிற ஐயரிடம் எப்படி இருக்கீங்க என்று கேட்டுப் பாருங்கள். ஸ்தோத்திரம், கர்த்தருடைய கிருபையால் நல்லா இருக்கேன் என்ற பதில் கேள்வி முடிவதற்குள் வந்துவிடும். முந்தின இரவு அவர் தூங்கியிருக்கவே மாட்டார்.

எது அவர்களைச் சாய்த்தது என்றும் டியூக் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். வேலை நெருக்கடி எதிர்பார்த்ததுதான். அதோடு, போதுமான அளவு உழைக்கவில்லையே என்ற குற்ற உணர்வும் அழைப்பைப் பற்றிய சந்தேகமும் நின்றன. 35 முதல் 64 வயதுக்குள் இருந்தவர்களில் உடற்பருமன் 39.7 சதவீதம், அந்த மாநில மக்களைவிட 10 புள்ளி அதிகம். வீடு வீடாகப் போய்ச் சாப்பிடச் சொன்னால் மறுக்க முடியாத தொழில் அங்கேயும் இதுதான் போலும். பிறகு 1,114 போதகர்களை வைத்து இரண்டாண்டுச் சுகாதாரத் திட்டம் ஒன்றை நடத்தினார்கள். இரத்தக் கொதிப்பு, இடுப்புச் சுற்றளவு போன்ற உடம்பு அளவுகள் தேறின. மனச்சோர்வும் மன நெருக்கடியும் அசையவில்லை. நடைப்பயிற்சிக்கும் காய்கறிக்கும் கட்டுப்படாத ஏதோ ஒன்று அதில் இருக்கிறது.

எலியாவின் தப்புக் கணக்கு

சோர்ந்தவனுக்கு எண்ணத் தெரியாது என்பதற்கு வேதாகமத்திலேயே கணக்கு இருக்கிறது. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர். இந்தப் பக்கம் எலியா ஒருவர். ஜெயித்தவர் எலியா. அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழே விழுந்து சாவு கேட்கிறார். பிறகு, நான் ஒருவன் மாத்திரம் மீதி என்று முறையிடுகிறார். தேவன் சொல்கிற எண் 7,000. எலியாவின் கணக்கில் விடுபட்டவர்கள் 6,999 பேர். அதில் 100 பேரைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரியும்; குகைக்கு 50 பேராக ஒளித்து வைத்துச் சாப்பாடு போட்டதை ஒபதியா அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். தெரிந்த நூறும் மறந்துபோகிற அளவுக்கு அவர் களைத்திருந்தார். தேவதூதன் திருத்தம் சொல்லவில்லை. முதலில் தூங்கவிட்டான், எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பாடு. 7,000 என்ற எண் அதற்கு 40 நாள் கழித்துத்தான் வருகிறது. அதோடு எலிசா என்று ஓர் உதவியாளரின் பெயரும்.

மோசேயின் மாமனார் எத்திரோ கறாரான ஆள். காலை முதல் மாலை வரை ஒருவனே உட்கார்ந்து நியாயம் விசாரித்தால் நீயும் தொலைவாய், ஜனமும் தொலையும் என்றார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்குத் தலைவர்களைப் போடச் சொன்னார். ஆண்கள் 6 லட்சம் என்று வைத்து யூத ரபிமார் தல்மூதில் கூட்டிக் காட்டியிருக்கிறார்கள்: 600, 6,000, 12,000, 60,000, ஆக 78,600 தலைவர்கள். ஏறக்குறைய எட்டு ஆணுக்கு ஒருவர். அதுவரை மோசே ஒருவரே.

ஸ்பர்ஜனுக்கும் ஓர் எத்திரோ கணக்கு வாய்த்தது. 1868-இல் தம்பி ஜேம்ஸைத் துணைப் போதகராகச் சபை நியமித்தது. மெந்தோனில் அண்ணன் வெயில் காய்ந்த வாரங்களில் லண்டனில் வேலை நின்றுவிடவில்லை. பீடத்தில் பிறர் நின்றார்கள். அங்கத்தினர் தொகையும் சரியவில்லை.

நம் சேகரங்களுக்கு வருவோம். 400 குடும்பம் உள்ள ஒரு சேகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஆண்டில் இரண்டு முறை, முறைக்கு அரை மணி என்றால் 400 மணி. ஊர் ஊராகப் போகிற நேரம் சேர்க்கவில்லை. அடக்க ஆராதனை, கல்யாணம், திடப்படுத்தல் வகுப்பு, பள்ளிக்கூடத் தகராறு, நிலப் பட்டா, டயோசிஸ் ஆபீஸுக்கு அலைச்சல் எதுவும் சேர்க்கவில்லை. ஆண்டறிக்கையைப் புரட்டினால் ஞானஸ்நானம் எத்தனை, திடப்படுத்தல் எத்தனை, கல்யாணம் எத்தனை, மரணம் எத்தனை, காணிக்கை எவ்வளவு, அறுப்பின் பண்டிகை ஏலம் எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். குருமனைக்கு வெள்ளையடித்த செலவு இருக்கும். குருமனைக்குள் இருப்பவர் வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வெடுத்தாரா, ஆண்டில் எத்தனை ஞாயிறு வெளியூரில் சும்மா உட்கார்ந்து பிறர் பிரசங்கத்தைக் கேட்டார், சேகரத்துக்கு வெளியே மனம்விட்டுப் பேச அவருக்கு ஓர் ஆள் உண்டா, கடைசியாக எப்போது மருத்துவரைப் பார்த்தார்? ஐயரம்மாவிடம் இதில் எந்தக் கேள்வியையும் கமிட்டியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான்கு ஞாயிறு விடுப்பு கொடுத்தால் சேகரத்துக்கு ஆகும் செலவு: பக்கத்துச் சேகரத்து ஐயரோ ஓய்வுபெற்ற ஒருவரோ வந்துபோகிற பயணப்படி, நான்கு வேளைச் சாப்பாடு, கையில் ஒரு கவர். அசனப் பண்டிகைப் பந்தல் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது என்று நினைக்கிறேன். அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் இந்தத் தலைப்பைச் சேர்க்கச் சொன்னால் பொருளாளர் தடுக்க மாட்டார். தடுப்பவர் பெரும்பாலும் போதகராகவே இருப்பார். எனக்கு என்ன, நான் நல்லாத்தானே இருக்கேன் என்பார். அந்தப் பதிலைக் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டு, தலைப்பையும் சேர்த்துவிட வேண்டியதுதான்.